சத்தமில்லாமல் ஒரு தடவை

அது நல்ல படம். என் கோபத்துக்குக் காரணமே அதுதான். மோசமான படமாக இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருப்பேன்.

எங்களைப் பற்றிய படம். தறிக்கூடத்துப் பெண்கள் கால்பந்து அணியாகி, பெரிய அணிகளை எல்லாம் வீழ்த்திக் கோப்பை வாங்கிய கதை. உண்மைச் சம்பவத்தை அடிப்படையாகக் கொண்டது என்று ஆரம்பத்திலேயே எழுத்துப் போட்டார்கள். அந்த அணியின் கோல்கீப்பர் நான். 'சுவரு' என்றுதான் என்னைக் கூப்பிடுவார்கள். திரையில் என்னில் பாதி இருந்த ஒரு பெண் நானாக வந்தாள். அதில் எனக்கு வருத்தமில்லை. கண் இமையில் ஒட்டிய பஞ்சைப் புறங்கையால் துடைப்பதைக்கூட அவள் சரியாகச் செய்தாள். அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

என்னை அழைத்துப்போன மகள் காலி இருக்கைகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "இவ்வளவு நல்ல படத்துக்கு ஈ ஓட்டுறாங்களேம்மா."

பிறகு அந்தக் கடைசி பெனால்டி வந்தது. எதிரணிப் பெண் பந்தை வைக்கிறாள். கோட்டுக்கு வெளியே எங்கள் தறிக்கூடத்துச் சூப்பர்வைசர் இரண்டு கைகளையும் உயர்த்துகிறார். "வலது பக்கம் பாயும்மா!" என்று அவர் குரல் மைதானத்தைப் பிளக்கிறது. திரையில் நான் வலது பக்கம் பாய்ந்து பந்தைத் தட்டிவிடுகிறேன். வயலின்கள் குமுறுகின்றன.

இருட்டில் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். மகள் நான் நெகிழ்ந்துபோனதாக நினைத்துக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தாலும் எங்களுக்குக் கேட்டிருக்காது.

தறிகள் ஓடும்போது காது வெறும் அலங்காரம்தான். நாங்கள் உதட்டால் பேசுவோம். மாமியார் புராணம், பிள்ளையின் காய்ச்சல், யார் யாரோடு ஓடிப்போனாள், எல்லாமே சத்தமில்லாத உதட்டசைவில். சூப்பர்வைசர் பக்கத்துத் தறியைப் பார்த்து நிமிர்வதற்குள் அவர் வம்சத்தையே அலசிக் காயப்போட்டிருப்போம். அந்தப் பேச்சில் ஒரு விதி உண்டு. இடது வலது என்றால் அது கேட்கிறவளின் இடது வலதுதான். எதிர்த் தறியில் நிற்கிறவளுக்கு எந்தப் பக்கம் நூல் அறுந்தது என்று நொடியில் புரிய வேண்டுமே.

மைதானத்திலும் அப்படித்தான் ஆடினோம். எதிரணி தொண்டை கிழியக் கத்தும். நாங்கள் உதட்டை மட்டும் அசைப்போம். 'ஊமைக் கோட்டான்கள்' என்று சிரித்தார்கள், முதல் கோல் விழும்வரை.

அந்தப் பெனால்டியின்போது உதைக்கப் போகிறவளுக்குப் பின்னால், என்னைப் பார்த்தபடி நின்றவள் குருவி. எங்கள் அணியிலேயே சின்ன உருவம், பறக்கிற கால். அந்தப் பெண் உதைப்பதற்கு முன் எந்தத் தோளை இறக்குகிறாள் என்று ஆட்டம் முழுக்கக் கவனித்திருந்தாள். அவள் உதடு 'வலது' என்றது. நான் பாய்ந்தேன். பாய்ச்சல் மட்டும்தான் என்னுடையது.

சூப்பர்வைசர் என்ன செய்தார் என்றும் சொல்ல வேண்டும். நாங்கள் காதில் பஞ்சு வைத்துக்கொள்வோம். அவர் விரலை விட்டுப் பிடுங்கி எறிவார். "தறி சத்தம் மாறுனா எப்படித் தெரியும்? காது எதுக்கு இருக்கு?" என்பார். குருவியிடமிருந்துதான் அதிகம் பிடுங்கினார், அவள் திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டதால். இன்று அவளுக்கு இடி விழுந்தாலும் கேட்காது. காதைப் பறித்த ஆளுக்குப் படத்தில் குரல் கொடுத்திருந்தார்கள்.

இரண்டு நாள் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை. கோபத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இது குருவிக்காகவா, இல்லை என் முகத்தை வைத்து ஒரு பொய்யைக் காட்டிவிட்டார்கள் என்பதாலா? இரண்டும்தான் என்று தோன்றியது. கோபம் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

அப்போதுதான் டைரக்டர் தம்பி போன் செய்தார்.

"அம்மா, வெள்ளிக்கிழமை படத்தைத் தூக்கிடுவாங்க. பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டு ஒரு ஷோ போடுறேன். நீங்க மேடையேறி ரெண்டு வார்த்தை சொன்னா படம் பிழைச்சுக்கும்."

"என்ன சொல்லணும்?"

"நடந்தது நடந்தபடி இருக்குன்னு."

"நடந்தபடி இல்லையே தம்பி."

"சினிமாம்மா. கொஞ்சம் உப்பு காரம் சேர்க்கணும்ல."

"சேருங்க. யார் தட்டுல இருந்து எடுத்து யார் தட்டுல வெச்சீங்கன்னும் பார்க்கணும்ல?"

"படமே இல்லாமப் போறதுக்கு இது பரவாயில்லையேம்மா," என்றார். அந்தக் குரலில் கபடம் இல்லை. சில வருடங்களை இதில் கரைத்திருக்கிறார். பொய்யோடு நினைக்கப்படுவது, அல்லது யாருக்கும் தெரியாமலே போவது. இரண்டில் ஒன்றைப் பொறுக்கிக்கொள் என்று எங்கள் முன்னால் வைக்கிறார்கள். அதுவும் தயவோடு. எனக்கு அந்தத் தயவுதான் பற்றி எரிந்தது. வருகிறேன் என்றேன். என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியவில்லை.

மகளோடு குருவியையும் கூட்டிக்கொண்டு போனேன். தலைக்கு மை பூசி, மருமகளின் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள். தறிக்கூடத்துப் பழைய ஆட்களைப் பின் வரிசைகளில் உட்கார வைத்திருந்தார்கள். முன் வரிசை நடுவில் சூப்பர்வைசர், கையில் பூங்கொத்து. உடம்பு வற்றிவிட்டது, நிமிர்வு வற்றவில்லை.

"என்னம்மா சுவரு, பந்து பிடிக்கிற கையெல்லாம் இப்போ கரண்டி பிடிக்குதா?" என்றார்.

"கரண்டியும் நல்லாத்தான் அடிக்கும் சார்," என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

படம் ஓடியது. பெனால்டி வந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். குருவி என் தொடையைக் கிள்ளினாள்.

"சுவரு! பாருடி!" அவள் சத்தம் அவளுக்குத் தெரியாது. அரங்கமே திரும்பிப் பார்த்தது. "என்னை வெச்சிருக்காங்கடி! நான் சொன்னதை அப்படியே வெச்சிருக்காங்க!"

பார்த்தேன். உதைப்பவளுக்குப் பின்னால் குருவியாக நடித்த பெண்ணின் முகம் பாதித் திரைக்கு நிறைந்திருந்தது. அவள் உதடு அசைந்தது. வலது. சந்தேகமே இல்லை. அதே நேரத்தில் அந்த முகத்தின் மேல் சூப்பர்வைசரின் கத்தல் வந்து விழுந்தது. முதல் தடவை அந்தக் கத்தல் என் கண்ணையும் சேர்த்து மூடிவிட்டிருந்தது.

மகள் காதருகே குனிந்தாள். "அந்தப் பொண்ணு ஏதோ வேண்டிக்குறான்னுல்ல நினைச்சேன்."

அப்படியானால் அவர்களுக்குத் தெரியும். விசாரித்து, அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்து, உள்ளபடியே படம் பிடித்திருக்கிறார்கள். பிறகு அதன் மேல் ஒரு ஆணின் சத்தத்தை ஊற்றியிருக்கிறார்கள். தெரியாமல் செய்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

விளக்கு எரிந்தது. சூப்பர்வைசர் எழுந்து கைதட்டலை வாங்கிக்கொண்டார். குருவியும் தட்டினாள், உள்ளங்கை சிவக்க. "பரவாயில்லடி, மனுஷன் படக்காரங்ககிட்ட உண்மையைச் சொல்லியிருக்காரு. பஞ்சைப் பிடுங்குனதைக்கூட மன்னிச்சிட்டேன் போ," என்றாள்.

அவளைக் கூட்டிவந்ததே தப்போ என்று ஒரு நிமிடம் தோன்றியது. இந்தச் சந்தோஷத்தை நான் ஏன் கெடுக்க வேண்டும்? ஆனால் அவள் கைதட்டுவது யாருக்கு என்று பார்த்தபோது கால்கள் தாமாகவே மேடை ஏறின.

மைக்கைக் கையில் கொடுத்தார்கள். டைரக்டர் தம்பி கண்ணாலேயே கெஞ்சினார்.

"நல்ல படம்," என்றேன். அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "அந்த பெனால்டியை மட்டும் இன்னொரு தடவை போடுங்க. சத்தமில்லாம."

அவர் நெருங்கி வந்தார். "அம்மா, வேணாம். உதடு மட்டும் அசைஞ்சா ஜனங்களுக்குப் புரியாதுன்னு தயாரிப்பாளர் சொல்லிட்டார். நான் எவ்வளவோ சண்டை போட்டேன்."

"நல்லாப் போட்டீங்க. அந்தச் சண்டைல யாருக்குக் கை உடைஞ்சுதுன்னு இவங்களும் பார்க்கட்டும்."

மைக் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது. பத்திரிகைக்காரர்களில் ஒருத்தி, "போடுங்களேன் சார்," என்றாள். அவர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். பிறகு பின்னால் திரும்பி ஆபரேட்டரிடம் கையைக் காட்டினார். அந்தக் கையசைப்புக்காக அவர் மேல் இருந்த கோபத்தில் ஒரு கைப்பிடி குறைத்துக்கொண்டேன். அதற்கு மேல் இல்லை.

சத்தமில்லாத மைதானம். கோட்டுக்கு வெளியே யாரோ ஒரு ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு கையைத் தூக்குகிறார், பேருந்தை நிறுத்துகிறவர் மாதிரி. அந்தப் பெண்ணின் முகம் வருகிறது. உதடு அசைகிறது.

"வலது," என்றாள் பின் வரிசையில் ஒருத்தி. இன்னொருத்தி, பிறகு அந்த வரிசைகள் முழுக்க, "வலது, வலது." எங்களில் பாதிப் பேருக்குக் காது மந்தம். அதனால் யார் குரலும் அடக்கமாக இல்லை.

"அதைச் சொன்னது இவ," என்று குருவியைக் காட்டினேன். "சார் அன்னிக்கு வாயே திறக்கலை."

சூப்பர்வைசர் பூங்கொத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். "எத்தனையோ வருஷமாச்சு. யாருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

நான் கீழே இறங்கி வந்தேன். குருவி குழம்பிப் போயிருந்தாள்.

"ஏன்டி, அதையே எதுக்கு ரெண்டு தடவை போட்டாங்க?"

அவளுக்கு இரண்டு தடவையும் ஒரே படம்தான். அவள் எதிரில் நின்று, தறிக்கூடத்தில் பேசுகிற மாதிரி உதட்டால் சொன்னேன். 'முதல் தடவை சத்தம் இருந்துச்சு. அதுல நீ சொன்னதை அவர் சொன்ன மாதிரி வெச்சிருக்காங்க.'

அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிவந்திருந்த கைகளை மெல்லப் புடவையில் துடைத்துக்கொண்டாள். மருமகளின் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு முன் வரிசைக்கு நடந்தாள். சூப்பர்வைசருக்கு நேர் எதிரில் போய் நின்றாள்.

"சார்," என்றாள், அரங்கம் முழுக்கக் கேட்கும்படி. "அன்னிக்கு என்ன கத்துனீங்க? எனக்குக் கேக்கலை. இப்போ சொல்லுங்க."

குருவி அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அது அசையவில்லை.