தொட்டி வாயில் காவல்

மூடிய தொட்டிக்குள் பெரும்பாலும் இரண்டு இரண்டு பேராகத்தான் சாவார்கள் என்று பயிற்சியில் சொன்னார்கள். முதலில், உள்ளே காற்றில்லாமல் மயங்கி விழுபவன். அடுத்து, அவனைத் தூக்க ஓடுபவன்.

அதனால் தொட்டி வாயில் ஒருவனை உட்கார வைக்கிறார்கள். ஹோல் வாட்ச் என்று பெயர். உள்ளே இருப்பவர்களை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பதில் வராவிட்டால் ஹாரனை அழுத்த வேண்டும். என்ன நடந்தாலும் அவன் உள்ளே போகக் கூடாது. தூங்கக் கூடாது. இவ்வளவுதான் வேலை.

தூங்காமல் இருப்பது எனக்குப் பழகியிருந்தது.

என் மனைவி லோஷினி சிங்கப்பூரில் ஒரு கிளினிக்கில் வேலை பார்த்தாள். எல்லைக்கு இந்தப் பக்கம், மலேசியாவில் இருக்கும் எங்கள் பாசிர் கூடாங்கிலிருந்து விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவாள். ஒரு நாள் நெடுஞ்சாலையில் நின்றிருந்த லாரியின் பின்னால் மோதி இறந்துபோனாள். பிரேக் பிடித்த தடம் சாலையில் இல்லை. ஓட்டும்போதே தூங்கியிருப்பார் என்று போலீஸ்காரர் சொன்னார். இந்தப் பாதையில் அடிக்கடி நடப்பதுதான் என்றும் சொன்னார்.

அதன்பிறகு நான் படுப்பதை விட்டுவிட்டேன். இரவில் ஹாலில் உட்கார்ந்திருப்பேன். டிவி போடுவதில்லை. அசதி மிஞ்சினால் தலை தொங்கும். உடனே தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்துவிடுவேன்.

நான் வேதியியல் படித்தவன். தொழிற்சாலையில் எனக்கு மேசை வேலை. ஆலையை நிறுத்திச் சுத்தம் செய்யும் மாதம் வந்தது. காவலுக்குப் பயிற்சி அட்டை வைத்திருந்த ஆட்கள் போதவில்லை. நானே போய்க் கேட்டு, பயிற்சி முடித்து அட்டை வாங்கிக்கொண்டேன்.

எங்கள் ஃபோர்மேன் கமலநாதன் அதைக் கேள்விப்பட்டு, ஒரு காலையில் என்னை கேண்டீனில் பிடித்தார். பக்கத்து ஊரான மாசாயில் டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் சின்னக் கிறிஸ்தவ சபைக்குப் போகிறவர். லோஷினியும் ஞாயிறுதோறும் அங்கேதான் போனாள். நான் அவளை இறக்கிவிட்டு, எதிரே மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருப்பேன். மேலே ஏறியதில்லை.

"பசியாறிட்டியா, கவின்?"

"ஆச்சு அண்ணே."

"பொய் சொல்லாத. கண்ணப் பாரு. ஐஸ்ல போட்ட மீனுக்குக்கூட இத விட உசுரு இருக்கும். ராத்திரி என்ன பண்ற?"

"உக்காந்திருக்கேன்."

"எதுக்கு?"

யோசித்தேன். "யாராச்சும் முழிச்சிருக்கணும்ல."

"அந்த வேலைக்கு ஏற்கனவே ஒருத்தர் இருக்கார், தம்பி. அவர் லீவு எடுக்கிறதில்ல. நீ எதுக்கு அவர் நாற்காலியில போய் உக்கார்ற?"

பக்கத்து மேசையில் மணியம் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். தொட்டி சுத்தம் செய்கிறவன். "அண்ணே, காலையிலேயே பிரசங்கமா? காணிக்கைத் தட்டு எங்க? சில்லறை வச்சிருக்கேன்."

"உன் சில்லறைய நீயே வச்சுக்க. இவன் தூங்காம காவலுக்கு உக்கார்றான். உள்ள போறது நீதான், ஞாபகம் இருக்கட்டும்."

"அதுதானே அண்ணே நல்லது. தூங்காத வாட்ச்மேன் யாருக்குக் கிடைக்கும்?"

கமலநாதன் சிரிக்கவில்லை. "தூக்கமே இல்லாதவன்தான்டா முதல்ல தூங்குவான்." என் பக்கம் திரும்பினார். "புதன் சாயங்காலம் ஜெபம் இருக்கு. சும்மா வந்து உக்காரு. பாட வேணாம், கை தட்ட வேணாம்."

"பாக்கலாம் அண்ணே," என்றேன்.

எங்கள் ஊரில் அதற்கு வரமாட்டேன் என்று அர்த்தம். அவருக்கும் தெரியும்.

அந்தப் புதன்கிழமை பகல் முழுவதும் காற்றில்லை. கடல் இருந்த பக்கம் வானம் சாம்பல் நிறத்தில் தாழ்ந்து கிடந்தது. அழுகிய முட்டை நாற்றம் வரும், போகும். எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஒவ்வொரு ஆலைக்காரரும் அடுத்த ஆலையைக் கைகாட்டுவார்.

தொட்டி வாய் ஒரு மனிதன் குனிந்து நுழையும் அளவு. பக்கத்தில் கொக்கிகள் வைத்த பலகை. உள்ளே போகிறவன் தன் பெயர் அட்டையைக் கொக்கியில் மாட்ட வேண்டும். வெளியே வரும்போது அவனே எடுத்துக்கொள்ள வேண்டும். பலகையில் அட்டை தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறான். அட்டை இல்லாவிட்டால் இல்லை. காவல்காரன் அதை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறான்.

மணியமும், பங்களாதேஷ்காரன் ரஃபிக்கும் அட்டையை மாட்டிவிட்டு இறங்கினார்கள். அடியில் படிந்த கறுப்புச் சகதியைச் சுரண்டி மூட்டை கட்ட வேண்டும். காற்றைத் தள்ளும் புளோவர் என் காதருகே இரைந்துகொண்டிருந்தது.

"மணியம்!"

"செத்துட்டேன்! மாலை வாங்கிட்டு வா!"

"ரஃபிக்!"

"ஓகே பாய்!"

இப்படியே போய்க்கொண்டிருந்தது. மணியம் ஒவ்வொரு முறையும் வேறு வேறு விதமாகச் செத்தான். ரஃபிக் எல்லாவற்றுக்கும் ஓகே பாய் என்றான்.

நான் கண்ணை மூடவில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் கால் மாட்டில் கிடந்த குழாயின் நிழல் இடம் மாறியிருந்தது. வாய் ஓரம் எச்சில் காய்ந்திருந்தது.

பலகையைப் பார்த்தேன். இரண்டு அட்டைகளும் தொங்கின.

"மணியம்!"

புளோவர் இரைந்தது.

"மணியம்!"

"ஓகே பாய்!" என்றது ரஃபிக்கின் குரல், தூரத்திலிருந்து.

"ரஃபிக், மணியம் எங்க? மணியம் மானா?"

"ஓகே பாய்!"

டார்ச்சை உள்ளே அடித்தேன். ரஃபிக்கின் தலைவிளக்கு மட்டும் மூலையில் ஆடியது. இன்னொரு விளக்கு இல்லை. சுவரோரம் கறுப்பாக ஏதோ கிடந்தது. நீளமாக. மூட்டையாக இருக்கலாம். ஆளாகவும் இருக்கலாம்.

ஹாரன் என் மடியிலேயே இருந்தது. கை அதற்குப் போகவில்லை. உடம்பு வாய்க்குப் போனது. தலை உள்ளே போனது, ஒரு தோள் போனது. விதி எனக்குத் தெரியும். பயிற்சியில் முதலில் சொன்னதே அதுதான். உள்ளே இருட்டு குளிர்ச்சியாக இருந்தது. வெளியே இருந்த இரைச்சல் அங்கே இல்லை. அந்த இருட்டு என்னை இழுத்தது என்று எழுதினால் மிகையாகிவிடும். எனக்குப் பயமில்லை, அவ்வளவுதான். பயமில்லை என்பதை அப்போது கவனித்தேன்.

பின்னாலிருந்து யாரோ என் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார்கள். விளிம்பில் தாடை அடிபட, வெளியே விழுந்தேன்.

மணியம் நின்றுகொண்டிருந்தான். சிகரெட் வாடை வீசியது.

"எங்கடா போற, பைத்தியம்?"

"நீ உள்ள இருந்த."

"நான் ரோக்கோ அடிக்க கொட்டகைக்குப் போனேன்."

"உன் அட்டை தொங்குது."

அவன் பலகையைப் பார்த்தான். "நீ தூங்கிட்டு இருந்தடா. எடுத்தா அந்தக் கொக்கி டங்குனு அடிக்கும், முழிச்சுக்குவ. எத்தன நாள் கழிச்சுத் தூங்குற, பாவம், தூங்கட்டும்னு..." குரல் இறங்கியது. "உன் காலத் தாண்டித்தான் போனேன்."

சொல்லி முடிக்கும்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவன் கண் தொட்டி வாய்க்குப் போனது. தூங்குகிற காவல்காரனை நம்பி ஒருவனை உள்ளே விட்டுவிட்டு அவன் போயிருந்தான்.

"அலமாக்," என்றான், மெதுவாக. தரையில் உட்கார்ந்தான்.

ரஃபிக்கை வெளியே வரவைக்க, கீழே விழுந்து கிடந்த ஹாரனை எடுத்து அழுத்தினேன். ரஃபிக் குனிந்து வெளியே வந்தான். முகத்தைத் துடைத்தான். எங்கள் இருவரையும் பார்த்தான். "மாக்கான்?" என்று கேட்டான். சாப்பாட்டு நேரம் என்று நினைத்துவிட்டான்.

டார்ச்சை மறுபடி உள்ளே அடித்துப் பார்த்தேன். சுவரோரம் கிடந்தது மூட்டைதான்.

ஹாரன் கேட்டுக் கமலநாதன் ஓடி வந்தார்.

"ஒண்ணுமில்ல அண்ணே," என்றான் மணியம். "சும்மா டெஸ்ட் பண்ணோம்."

"நான் தூங்கிட்டேன்," என்றேன்.

கமலநாதன் மணியத்தைப் பார்த்தார். பலகையில் தொங்கிய அவனுடைய அட்டையைப் பார்த்தார். ரஃபிக்கைத் தலையிலிருந்து கால் வரை பார்த்து, அவன் தோளில் கை வைத்தார். கத்தவில்லை. புளோவரை நிறுத்தச் சொன்னார். தொட்டி வாயில் சிவப்பு நாடா கட்டினார். என் பயிற்சி அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"ரெண்டு பேர் மேலயும் ரிப்போர்ட் எழுதணும்."

"எழுதுங்க அண்ணே," என்றேன்.

"வேல போனா போகும்."

"தெரியும்."

நாடாவின் நுனியை விரலில் சுற்றினார். "இன்னிக்குப் புதன்," என்றார்.

இந்த முறை நான் பாக்கலாம் என்று சொல்லவில்லை.

ஷிஃப்ட் முடிந்ததும் தன் காரிலேயே கூட்டிப்போனார். ஆலைகளின் புகைபோக்கிகளில் தீ எரிந்துகொண்டிருந்தது. மழை இருட்டு கட்டியிருந்ததால் தீ இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

மாடிப்படி குறுகலானது. மேலே பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு டிரம், சுவரில் வெறும் மரச் சிலுவை. கீழே டயர் கடையில் போல்ட் கழற்றும் மெஷின் விட்டு விட்டு அலறியது. நாலைந்து பேர் இருந்தார்கள். போதகரின் மனைவி யோகேஸ்வரி எழுந்து வந்தார். லோஷினியின் சவப்பெட்டி அருகே நின்று பாடியவர் என்று ஞாபகம் வந்தது.

"வாங்க தம்பி. இன்னிக்கு உபவாச ஜெபம். சாப்பாடு கிடையாது, தண்ணிதான்."

"பரவால்ல அக்கா."

கமலநாதன் அவரிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். அவர் உள்ளே போய் ஒரு பாயும் தலையணையும் கொண்டு வந்து, கடைசி வரிசைக்குப் பின்னால் விரித்தார். லோஷினி எங்கே உட்காருவாள் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

"இங்கயா?" என்றேன். "எல்லாரும் ஜெபம் பண்றப்பவா?"

"போதகர் பிரசங்கம் பண்றப்பவே பாதி சபை தூங்கும்," என்றார். "அவங்களுக்குப் பாய் இல்ல, அவ்வளவுதான்."

கமலநாதன் பக்கத்தில் குந்தினார்.

"எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாது அண்ணே."

"தெரியாதுன்னு அவர்கிட்டயே சொல்லு. வேற என்ன இருக்கு?"

"நீங்க முழிச்சிருப்பீங்களா?"

"நானா? காலையிலேருந்து நிக்கிறேன். வீட்டுக்குப் போய்ப் படுத்தா குறட்டைதான்." எழுந்தார். முழங்கால் சொடுக்கியது. "நான் முழிச்சிருந்து உன்னக் காப்பாத்த முடியும்னா, இன்னிக்குக் காப்பாத்தியிருக்கணும்."

அவர் போனார். படுத்தேன். முன் வரிசையில் ஒருவர் மெல்லிய குரலில், பாரம் சுமக்கிறவர்களுக்காக வேண்டிக்கொண்டிருந்தார். கண் சொருகும்போதெல்லாம் தூக்கிவாரிப்போட்டது. உள்ளே யாரோ இருக்கிறார்கள், நான் கூப்பிடவில்லை என்று. நிமிர்ந்து உட்கார்ந்தேன். மறுபடி படுத்தேன்.

போன் அடித்தது. படிக்கட்டுக்குப் போய் எடுத்தேன். ஷட்டவுன் வேலைகளை ஏற்பாடு செய்யும் அதிகாரி.

"கவின், அடுத்த ஷிஃப்டுக்கு வாட்ச் ஆள் வரல லா. நீ வந்துரு."

"என் அட்டைய எடுத்துட்டாங்க சார்."

"ரிப்போர்ட் இன்னும் என் மேசைக்கு வரல. வராதது எனக்குத் தெரியாது. புரியுதா? நீ வரலன்னா தோட்டக்காரன உக்கார வைக்கணும்."

"யாரு உள்ள போறா?"

"அந்தப் பங்களா பையன், ரஃபிக். அவனே ஓவர்டைம் கேட்டான். கூட ரெண்டு பேர்."

சுவரைப் பிடித்துக்கொண்டேன். கார் பிடித்தால் ஆலைக்குக் கொஞ்ச நேரம்தான். போய் உட்கார்ந்துவிடலாம். இந்த முறை தூங்காமல் இருந்துவிடலாம். இத்தனை நாளும் அப்படித்தான் இருந்தேன்.

"நான் வந்தா தூங்கிருவேன் சார்," என்றேன்.

"காப்பி வாங்கித் தரேன் லா."

"தூங்கிருவேன். பயிற்சி அட்டை வச்சிருக்கிற ஆள் இல்லாம யாரையும் இறக்காதீங்க. தோட்டக்காரருக்கு ஹாரன்கூடத் தெரியாது."

"நீ எனக்கு வேல சொல்லித் தர்றியா?" என்றார். வைத்துவிட்டார்.

கமலநாதனை அழைத்தேன். பாதித் தூக்கத்தில் எடுத்தார். சொன்னதும் அவர் குரலில் தூக்கம் இல்லை. "நான் மேனேஜர்கிட்டப் பேசுறேன். நிறுத்தப் பாக்கறேன். நீ போகாத. நீ போனா சாவுக் கணக்குல இன்னொரு ஆள் கூடும்."

"நிறுத்திருவாங்களா?"

"தெரியல தம்பி. பேசுறேன்."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஆலை நாற்றம் மழையோடு படியேறி வந்தது. கொஞ்ச நேரம் நின்றேன். இனி நான் செய்வதற்கு எதுவும் இல்லை. அது நிம்மதியாக இல்லை. நெஞ்சின் மேலிருந்து எதையோ எடுத்ததும் அந்த இடம் காலியாகக் கிடப்பதுபோல் இருந்தது.

பாய்க்குத் திரும்பினேன். ஒருக்களித்துப் படுத்தேன். யாரிடம் பேசுகிறேன் என்று எனக்கு உறுதியில்லை. இருந்தும் வாய் திறந்து பேசினேன்.

"எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாது. என்னால முழிச்சிருக்க முடியல. ரஃபிக்னு ஒருத்தன் இறங்கப் போறான். கூட ரெண்டு பேரு, பேரு தெரியல. நீங்கதான் பாத்துக்கணும். அப்புறம் லோஷினி..."

அவளைப் பற்றி என்ன கேட்க வந்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. அதற்குள் தூங்கிவிட்டேன்.