பின்வரிசை பிரெட்

...நிறத்தைப் பார்த்து ஏமாந்துராதீங்க, திருப்பிப் போட்டு முதல் பேரைப் படிங்க, காலையில் செருப்பு மாட்டும்போதே பிலோமினாள் சொல்லித்தான் அனுப்பினாள், மிஷன் பள்ளிக்கூட ஆபீசில் காலமெல்லாம் அடுத்தவர் சர்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் படிக்கிற எனக்கே பாடம், இருந்தாலும் அவள் சொன்னது சரிதான், இதோ என் இடது கையில் இருக்கிற பிரெட் நல்ல காப்பிப்பொடி நிறம், உறையில் கோதுமைக் கதிர் படம் வேறு, திருப்பினால் முதல் பேர் மைதா, கடைசியில் நிறமி, அதாவது வெள்ளை பிரெட்டுக்கே சாயம் போட்டு அனுப்பியிருக்கிறான், சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுகிற ஊர்தானே, பிரெட்டுக்கும் போட்டால் என்ன என்று நினைத்துவிட்டான் போல... வலது கையில் இருப்பதுதான் அவள் சொன்னது, முழுக் கோதுமை, முதல் பேரே அதுதான், சர்க்கரை அடியில் எங்கோ கிடக்கிறது, நார்ச்சத்து கூடுதல், துண்டு சின்னது, கலோரியும் குறைவு, பார்க்கத்தான் ஒரு அழகும் இல்லை. எதை வாங்க வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரிகிறது. பிறகு ஏன் இரண்டையும் பிடித்துக்கொண்டு விருமாண்டி கடையில் மரம் மாதிரி நிற்கிறேன்?

ஏன் என்றும் தெரியும். தப்பானதை வாங்கிக்கொண்டு போனால் அவள் போகமாட்டாள். அவ்வளவுதான் விஷயம். ஆஷ்லினுக்குத் தலைப்பிரசவம், ஊர் வழக்கப்படி மகள் இங்கே வந்திருக்க வேண்டும், நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, பயணமே கூடாது என்று பெங்களூரில் டாக்டர் சொல்லிவிட்டார், அதனால் தாய் அங்கே போக வேண்டும், பிள்ளை பிறந்து தலை நிற்கிற வரைக்கும் இருக்க வேண்டும், மாப்பிள்ளை ஸ்டீவ் நல்ல பையன்தான், ஆனால் அவனுக்குச் சுடுதண்ணீர் வைப்பதே பெரிய காரியம், அவன் அம்மாவுக்கோ மூட்டு வலி, எனக்குப் பரீட்சை முடிகிற வரை லீவு கிடையாது. காலையில் பிலோமினாள் கறாராகச் சொன்னாள். "இன்னைக்கு நீங்க மட்டும் போயி வாங்கிட்டு வாங்க. சரியா வாங்கிட்டு வந்தா டிக்கெட் போடச் சொல்றேன். இல்லேன்னா நான் போகல, உங்களை விட்டுட்டுப் போயி அங்க நான் நிம்மதியா இருக்கவா?" விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன், முகத்தைப் பார்த்தால் விளையாட்டு இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் இல்லாமல் ஒரு வாரம் நான் இருந்ததில்லை. பயமாக இருக்கிறது, அதை யாரிடம் சொல்ல, இந்த வயதில்?

பயம் அவளுக்கும் இருந்தது, ஆபீசில் நான் மயங்கி விழுந்த அன்று, சர்க்கரை ஏறிக் கிடக்கிறது, உடம்பும் குறைய வேண்டும், ராத்திரி சோற்றை நிறுத்துங்கள் என்று டாக்டர் சொன்னபோது, ஆனால் அழுதாளா, புலம்பினாளா, மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி, அதோடு சரி, மறுநாளே வேலையில் இறங்கிவிட்டாள். ராத்திரிக்குப் பிரெட் என்று முடிவானதும் கடை கடையாக ஏறி உறைகளைத் திருப்பிப் படித்தாள், பன்னிரண்டு தானியம் என்று போட்டிருந்ததை எனக்குக் காட்டி, "மத்த தானியமெல்லாம் விருந்தாளி மாதிரி எட்டிப் பாத்துட்டுப் போயிருக்குங்க, குடியிருக்கிறது மைதாதான்" என்றாள், தையல் டீச்சருக்கு இவ்வளவு வக்கீல் மூளை எங்கிருந்து வந்தது என்று வாயைப் பிளந்தேன். நம் ஊரில் பிரெட் பாக்கெட்டோடு ஒருவன் தெருவில் நடந்தால் வீட்டில் யாரோ படுத்துவிட்டார்கள் என்று அர்த்தம், காய்ச்சலுக்குப் பாலும் பிரெட்டும், ஆஸ்பத்திரிக்குப் போனால் பழமும் பிரெட்டும், வேறு எதற்கு அதை வாங்குவார்கள்? இரண்டாவது வாரமே எதிர்வீட்டுப் பிச்சுமணி சார் சாத்துக்குடிப் பையோடு வந்துவிட்டார், "யாருக்கு சார் உடம்பு முடியல? பிரெட்டா வாங்கிட்டுப் போறீங்களே" என்று குரலைத் தணித்துக் கேட்டார், இவள் அவரை உட்கார வைத்து, இந்த பிரெட்டையே கல்லில் வாட்டி, வெங்காயமும் மிளகும் தூவிக் கொடுத்தாள், அவர் மனைவி விஜயம் மறுநாள் வந்து எந்தக் கடை என்று விசாரித்துவிட்டுப் போனாள். சாத்துக்குடியை மட்டும் எனக்குத் தரவில்லை, அதிலும் சர்க்கரையாம்.

அதைவிடப் பெரிய வேலை, வாங்கியதைக் காப்பாற்றுவது. இந்த ஊர் வெயிலில் மேசைமேல் வைத்தால் பச்சைப் பூஞ்சை, ஃப்ரிட்ஜில் வைத்தால் காய்ந்து அட்டை, கடித்தால் என் பல்தான் அசைந்தது, நான் சாப்பிடமாட்டேன் என்று கோபித்துக்கொண்டேன்கூட. அவள் ஒரு துண்டு வெளியே, ஒரு துண்டு ஃப்ரிட்ஜில், ஒரு துண்டு மேலே ஐஸ் பெட்டியில் என்று வைத்து, தினமும் தொட்டுப் பார்த்தாள், ஐஸ் பெட்டிதான் ஜெயித்தது. வாங்கி வந்த கையோடு நாலு நாலு துண்டாகப் பொட்டலம் கட்டி, காற்றுப் புகாமல் மூடி, ஐஸ் பெட்டியில் அடுக்குவாள், ராத்திரி எடுத்து அப்படியே தோசைக்கல்லில் போட்டால் இன்று சுட்டது மாதிரி ஒரு வாசனை... நாலில் இரண்டு எனக்கு, இரண்டு அவளுக்கு. அவளுக்குச் சர்க்கரையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, சோழவந்தான்காரி, வயல் சோறு சாப்பிட்டு வளர்ந்தவள், ராத்திரி ரசம் சோறு இல்லாமல் தூங்கமாட்டாள். நீ ஏன் இதைத் தின்கிறாய் என்று கேட்டதற்கு, "நீங்க மட்டும் தனியா பத்தியக்காரர் மாதிரி உக்காந்து தின்னா எனக்கு எறங்குமா?" என்றாள். செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலில் மந்திரித்துக் கொடுக்கிற பன்னுக்குக்கூட வழி வைத்திருக்கிறாள், ஒரு விள்ளல் எனக்கு, மீதி வாசலில் உட்கார்ந்திருக்கிற முத்துத்தாய்க்கு, புனிதருக்கும் கோபமில்லை, டாக்டருக்கும் கோபமில்லை. இப்படி ஒருத்தியை நான் தேடிப் பிடிக்கவில்லை, வீட்டில் பார்த்து வைத்தார்கள், என் அதிர்ஷ்டம்.

"என்னண்ணே, பொண்ணு பாக்குற மாதிரி பாக்குறீங்க? எம்புட்டு நேரமா நிக்கிறீங்க" என்று விருமாண்டி கல்லாவிலிருந்து சிரித்தான். "அக்கா வந்தா சடக்குனு எடுத்துட்டுப் போயிருவாகளே." சிரித்து வைத்தேன். சாயம் போட்டதைக் கொண்டுபோய் நீட்டினால் போதும், முதல் பேரைப் படிக்க மறந்துவிட்டேன், கண்ணாடி கொண்டுபோகவில்லை, ஏதாவது சொல்லலாம், அவள் தலையில் அடித்துக்கொண்டு, சரி நான் போகல என்று சொல்லிவிடுவாள், ராத்திரி வழக்கம்போல நாலு துண்டு... ஆனால் நேற்று போனில் ஆஷ்லின் என்ன சொன்னாள்? "நீ வர வேணாம்மா, அப்பாவைப் பாத்துக்க, நான் சமாளிச்சுக்கிறேன்." சின்னதில் ஊசி போடும்போதும் இதே குரலில்தான், எனக்கு வலிக்கலப்பா என்பாள், என் சட்டையை மட்டும் விடமாட்டாள். இடது கையில் இருந்ததைத் திரும்ப வைத்தேன். வலது கையில் இருந்ததும் முன்வரிசை, பழசு, கப்பலூர் பேக்கரி வண்டி இன்று காலைதான் வந்திருக்கும், புதுசைப் பின்னால் தள்ளி வைத்திருப்பார்கள், அதையும் அவள்தான் கண்டுபிடித்தாள், கையை உள்ளே விட்டுப் பின்வரிசையிலிருந்து ஒன்றை எடுத்தேன், தேதி பார்த்தேன், விரலால் அழுத்தினேன், அமுங்கி மெல்ல எழுந்து வந்தது.

வீட்டில் அவள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திருப்பிப் படித்தாள், தேதி பார்த்தாள், அழுத்தினாள், நான் வாசலிலேயே நின்றேன், பரீட்சை எழுதியவன் மாதிரி. "பின்வரிசையா?" என்றாள். ஆமாம் என்றேன். முகம் மலர்ந்தது, பிறகு என்னவோ சட்டென்று அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீங்களே கட்டி உள்ள வைங்க, பாப்போம்." ஐஸ் பெட்டி அவள் ராஜ்யம், நான் அதைத் திறந்ததே இல்லை, திறந்தேன், குளிர் முகத்தில் அடித்தது, உள்ளே வரிசையாகப் பொட்டலங்கள், ஒன்றை எடுத்தேன், இன்னொன்றை எடுத்தேன்... எல்லாவற்றிலும் இரண்டே துண்டு, என் பங்கு மட்டும். போன வாரம் வாங்கியது. அப்படியானால் போன வாரமே... நேற்று ராத்திரி எத்தனை பொட்டலம் பிரித்தாள், நான் கவனித்தேனா? போவதென்று முடிவு பண்ணிவிட்டுத்தான் என்னைக் கடைக்கு அனுப்பினாளா, அப்படியானால் காலையில் சொன்னதெல்லாம் என்ன? கடையில் நான் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நிற்பேன் என்றுகூடத் தெரிந்திருக்குமோ?

"கதவை மூடுங்க, குளிரெல்லாம் வெளிய போகுது" என்றாள் திரும்பாமலே. மூடினேன். உட்கார்ந்து கட்ட ஆரம்பித்தேன், இரண்டு, இரண்டு, இரண்டு, காற்றுப் புகாமல் மூடத் தெரியவில்லை, அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஓரத்தை மடிக்கக் காட்டிக்கொடுத்தாள். கடைசிப் பொட்டலத்தில் என் கை நாலு துண்டை வைத்தது. அவள் பார்த்தாள். பிரித்து எடுப்பாள் என்று காத்திருந்தேன், எடுக்கவில்லை, ஓரத்தை மட்டும் நன்றாக மடித்து அழுத்திவிட்டு, மற்ற எல்லாவற்றுக்கும் அடியில், கடைசியாக எடுக்கிற இடத்தில் அதை வைத்தாள்.