மடிப்புக்குப் பின்னால்

முடிவெட்டும் கடையின் நடு நாற்காலியில் அக்கா வந்து உட்கார்ந்ததும், தம்பி போர்த்திவிடத் துணியை உதறினான். "முடி கிடக்கட்டும். டெஸ்டுக்கு நீ தேதி வாங்குற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்" என்றாள். காத்திருந்தவர்கள் செய்தித்தாளைத் தாழ்த்தி எட்டிப் பார்த்தார்கள்.

போன வருடம் அவளுக்குப் பெருங்குடலில் புற்றுநோய். ஆபரேஷன், மலம் சேர வயிற்றில் பை, கீமோ என்று எல்லாம் கடந்து, இப்போதுதான் மறுபடி பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தப் போகிறாள். மருந்தில் முடி உதிர்ந்தபோது ஒட்ட வெட்டிவிட்டவன் தம்பிதான். அன்று அவள் கண்ணாடியைப் பார்த்துக் கேலி பேசிக்கொண்டிருந்தாள். அவன் கண்ணாடிப் பக்கம் திரும்பவே இல்லை. கூடப்பிறந்தவர்களும் குடலைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து, கடையில் ஆளில்லை, தோள் வலி என்று நழுவிக்கொண்டே இருந்தான்.

"ஒண்ணும் தெரியாம நிம்மதியா இருக்கேன்க்கா."

"நானும் அப்படித்தான்டா இருந்தேன்."

துணியை மடித்து வைத்துவிட்டுப் போனை எடுத்தான். தேதி வாங்கினான்.

முந்தின நாள் குடலைக் கழுவும் மருந்தைக் குடித்துவிட்டு, கட்டிலுக்கும் கழிப்பறைக்குமாக அல்லாடினான். அக்கா போனில், "இன்னும் எவ்வளவு பாக்கி?" என்றாள். "எதுல, டம்ளர்லயா வயித்துலயா?" என்றான். அவள் சிரித்த சிரிப்பில் பயம் கொஞ்சம் இறங்கியது.

மறுநாள் லேசான மயக்க மருந்தில், ஒருக்களித்துப் படுத்தபடி அவனும் திரைகளைப் பார்த்தான். மூன்று இருந்தன. "சாதாரண கேமராக் குழாய்ல முன்னாடி இருக்கிறதுதான் தெரியும். இதுல ரெண்டு பக்கமும் கேமரா இருக்கு, மடிப்புக்குப் பின்னாடியும் பாக்கலாம்" என்றார் டாக்டரம்மா. ஈரமான இளஞ்சிவப்புச் சுவர்கள் நகர்ந்தன. நடுத்திரையில் வழவழவென்று ஒரு மடிப்பு, அவ்வளவுதான். டாக்டரம்மாவின் கை சட்டென்று நின்றது. வலது திரையில், அந்த மடிப்பின் முதுகில், தட்டையாக வெளிறிய ஒரு கட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. குழாய் மெல்லத் திரும்பியது. மெல்லிய கம்பிச் சுருக்கு ஒன்று நீண்டு, கட்டியைச் சுற்றி இறுகியது.

"வலிக்குதா?"

"இல்ல. பயமா இருக்கு."

"எடுத்தாச்சு" என்றார் டாக்டரம்மா.

அடுத்த வாரம் முடிவு வந்தது. கட்டி புற்றாகவில்லை. விட்டிருந்தால் சில வருடங்களில் ஆகியிருக்கலாம். முழுதாக எடுத்தாயிற்று, மூன்று வருடம் கழித்து வந்து பார்த்துக்கொண்டால் போதும். வகுப்பில் யாரையும் இரண்டாம் தடவை கேட்கவிடாத அக்கா, "இன்னொரு தடவ சொல்லுங்க டாக்டர்" என்றாள். சொன்னார். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான். அக்கா அழவில்லை. ஒரு வருடமாகத் தன்னைப் போட்டுப் புரட்டிய நோய், தம்பியிடம் வாலாட்டும் முன்னே அகப்பட்டுக்கொண்டது. தானே அதைக் கழுத்தைப் பிடித்து இழுத்து வந்து போட்டதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

வெளியே வந்ததும், இன்னும் டெஸ்ட் எடுக்காத மூத்த அண்ணனுக்குப் போன் போட்டாள். மணியடித்து, துண்டிக்கப்பட்டது. மறுபடி போட்டாள். மறுபடி துண்டிக்கப்பட்டது.

"அண்ணன் எடுக்க மாட்டார்க்கா. எதுக்குப் போன்னு தெரியும் அவருக்கு."

"வீட்டுல இருக்கார்ல? அது போதும்."

அண்ணன் வீட்டுப் பக்கம் போகும் பேருந்து வந்து நின்றது. வேகமாக ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவள், கீழே தயங்கி நின்ற தம்பியைப் பார்த்து, பக்கத்து இருக்கையை இரண்டு தட்டுத் தட்டினாள்.