ஓபோவின் இரண்டாம் ஊதல்

1

வாசகரே, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: இக்கதை ஒரு மேடைப் பேச்சுக்காகவே பிறந்தது. மே தினக் கூட்டத்தில் சொல்ல, உழைப்பாளியின் குரலுக்கு உவமை தேடிக்கொண்டிருந்த நாளில், மேலைநாட்டு இசைக்குழு சுருதி சேர்க்கும் முறையை அறிந்தேன். வயலின்களும் எக்காளங்களும் பெருமுரசும் மெலிந்த கருங்குழல் ஒன்றுக்காகக் காத்திருக்கின்றன. அதன் பெயர் ஓபோ. நாணல் சீவல்கள் இரண்டைச் சேர்த்துக் கட்டிய அதன் வாய், நம் நாகசுரச் சீவாளிக்கு உறவு. அது ஒற்றை ஸ்வரத்தை நீட்டி ஊதும். ஊடுருவும் ஒலி; எளிதில் அசையாத ஒலி. அது பிறருக்காக வளைவதில்லை. பிறர்தாம் தம் தந்திகளை முறுக்கி அதனோடு இணங்க வேண்டும்.

"இதோ என் உவமை!" என்று மேசையைத் தட்டினேன். உவமைக்கு ஓர் ஆள் வேண்டுமே! சுதர்ஷினியைப் படைத்தேன்.

2

முதல் தொடக்கம்: "மலைமுகட்டில் மூடுபனி கவிந்திருந்த..." (வேண்டாம். மலையகத்தாராகிய நம்மை மூடுபனிக்குள் வைத்து எழுதியவர்கள் போதும்.)

இரண்டாவது: "ஒடுக்கப்பட்டோரின் குரலாய் முழங்கிய அக்குழல்..." (இது துண்டுப்பிரசுரம்.)

மூன்றாவது: டயகம தேயிலைத் தோட்டத்தின் லயத்து வரிசைவீட்டில் பிறந்த சுதர்ஷினி, கொழும்பு இசைக்குழுவொன்றின் முதல் ஓபோக் கலைஞர்.* குழு நுவரெலியாவில் கச்சேரி செய்ய வந்தது. கொழுந்து பறிக்கும் அவள் தாய் பரிமளம், லயத்தாரோடு வேன் பிடித்து வந்து கடைசி வரிசையில் அமர்ந்தாள்.

"என்னா பரிமளம், ஒம் மக கையில கம்பு மாதிரி ஒண்ணு வச்சிருக்கு?" என்றார் பக்கத்து வீட்டு மாயாண்டி.

"வாய மூடுங்கண்ணே. அது ஊதுனாத்தான் மத்தவங்க எல்லாம் வாசிப்பாங்களாம்."

"அப்போ ஒம் மகதான் கங்காணின்னு சொல்லு!"

*தோட்டத்துப் பிள்ளைக்கு ஓபோ எப்படிக் கிடைத்தது என்கிறீர்களா? கொழும்புப் பிள்ளைக்கு எப்படிக் கிடைத்தது என்று என்றேனும் கேட்டதுண்டா?

3

சுதர்ஷினி ஊதினாள். நீண்ட, ஒற்றை ஸ்வரம்.

பரிமளம் எழுந்து நின்றாள்.

தோட்டத்தில் ஸ்டோர்ச் சங்கு, தேயிலை ஆலையின் சங்கு, அப்படித்தான் ஒலிக்கும்: ஒரே ஒலி, நீண்ட ஒலி. கேட்ட மாத்திரத்தில் எழுந்துவிட வேண்டும். காலையில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிந்தினால் அன்றைய வேலையே இல்லை. அவள் எண்ணவில்லை, கால்கள் எழுந்தன. மாயாண்டி எழுந்தார். கடைசி வரிசை முழுவதும் எழுந்து, கைகளைத் தொங்கவிட்டு, நேராக நின்றது.

முன்வரிசையில் கடைவீதித் துணிக்கடை முதலாளி திரும்பிப் பார்த்தார். "பாருங்க, பெரட்டுக் களத்துக்கு வந்துட்டாங்க!" சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. பரிமளம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அமர்ந்தாள்.

மேடைவரை அந்தச் சிரிப்பு கேட்டது.

ஓபோ ஒருமுறையோடு நிற்பதில்லை. முதல் ஊதல் காற்றுக் கருவிகளுக்கு, அடுத்தது தந்திகளுக்கு. முதல் வயலின்காரர் சுதர்ஷினியை நோக்கித் தலையசைத்தார்.

4

முடிவு அ: அவள் ஊத மறுக்கிறாள். தந்திகள் இணங்க ஸ்வரமின்றித் தவிக்கின்றன. வேலைநிறுத்தம்! (இதை எழுதியதும் மறுபடி மேசையைத் தட்டினேன், மகிழ்ச்சியால்.)

முடிவு ஆ: அவள் எழுந்து, தோட்டத்து மக்களின் இருநூறாண்டு வரலாற்றை அவையோரின் முகத்தில்...

"ஐயா, அந்தப் பேச்சு ஒங்களுதுங்க. எனக்கு வேணாம்."

தாளிலிருந்து சுதர்ஷினிதான் பேசினாள்.

"உன் தாயைப் பார்த்துச் சிரித்தார்களே, அம்மா!"

"எனக்கும் கேட்டுச்சுங்க. நான் ஊதாம விட்டா, அம்மா எழும்புனது தப்புன்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும்."

"ஊதினால்? பழக்கத்தில் உன் தாய் மறுபடி எழுந்துவிட்டால்? மறுபடி சிரிப்பார்களே!"

அவள் நாணலை உதட்டில் ஈரப்படுத்திக்கொண்டாள்.

என் உவமை அங்கே முறிந்தது. அவளுக்கு இணங்குவது வயலின்களின் கடமை, அது நடக்கும். அவையின் கடமையைப் பற்றி எந்த இசை நூலும் பேசவில்லை.

5

ஆகவே முடிவு இ இல்லை. எழுத மறுக்கிறேன்; அது அவையின் பங்கு.

சுதர்ஷினி மூச்சை உள்ளிழுத்துவிட்டாள். கடைசி வரிசையில் பரிமளம் முன்னிருக்கையின் முதுகை இறுகப் பற்றியிருக்கிறாள். கால்கள் அவள் சொல்லைக் கேட்கவில்லை. துணிக்கடை முதலாளி இப்போதே திரும்பி உட்கார்ந்துவிட்டார், வேடிக்கை பார்க்க. அவருக்குப் பக்கத்து நாற்காலி உங்களுடையது.

ஸ்வரம் வருகிறது. பரிமளம் எழுகிறாள்.

வாசகரே, நீங்கள்...