நான்கு சொல் விளக்கம்

அங்கே யாரும் இரண்டு போடுவதில்லை. அப்படியொரு விதி எங்கும் எழுதப்படவில்லை. சேர்ந்த முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் எப்படியோ தெரிந்துவிடும். மதிப்பெண் ஒன்று முதல் ஐந்து வரை. மூன்று என்றால் சிறு திருத்தத்தோடு விளக்கம் வெளியே போகலாம். இரண்டு என்றால் வெளியீடு நிற்கும், வாடிக்கையாளர் காரணம் கேட்பார், யாராவது பதில் சொல்ல வேண்டியிருக்கும். மார்ச் மாதம் ரேச்சல் ஒரு இரண்டு போட்டாள். ஏப்ரலில் அவளுடைய நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். ரேச்சலை வேறு புராஜெக்டுக்கு மாற்றியதாகச் சொன்னார்கள். எந்தப் புராஜெக்ட் என்று கேட்டவர் இல்லை.

ஜெயசுந்தரியின் வேலை விளக்கங்களை மதிப்பிடுவது. ஒரு மருத்துவமனையின் கணினியில் நேரம் பதிய, மாற்ற, ரத்து செய்யத் தனித்தனிக் கருவிகள் இருக்கும். நோயாளி அனுப்பும் செய்தியைப் படிக்கும் ஏஐ ஏஜென்ட், ஒவ்வொரு கருவிக்கும் எழுதப்பட்ட விளக்கத்தைப் பார்த்துத்தான் எதை இயக்குவது என்று முடிவெடுக்கும். கருவிக்குள்ளே என்ன நடக்கிறது என்பது அதற்குத் தெரியாது. விளக்கத்தில் இல்லாதது எதுவும் அதன் உலகத்தில் இல்லை.

அன்று காலை அவள் திறந்தது டயாலிசிஸ் பிரிவின் கருவி. ஆங்கிலத்தில் நான்கே சொற்கள். நோயாளியின் முன்பதிவுகளை மாற்றும் என்று பொருள். போன வாரம் அவளே அதற்கு நான்கு மதிப்பெண் போட்டிருந்தாள். இன்று கொஞ்சம் நேரம் மிச்சமிருந்ததால், ஏஜென்டையே வைத்துச் சோதனைப் பதிவுகளில் இருபது முறை ஓட்டிப் பார்த்தாள். 'இந்த வியாழக்கிழமையை மட்டும் வெள்ளிக்கு மாற்ற வேண்டும்' என்ற ஒரே கோரிக்கை. பதின்மூன்று முறை ஏஜென்ட் ஒரு நாளை மட்டும் மாற்றும் சரியான கருவியை எடுத்தது. ஏழு முறை இதை எடுத்தது. அந்த ஏழு முறையும் வெள்ளிக்கிழமை பதிவானது; அந்த மாதத்தின் மற்ற நாட்கள் அனைத்தும் அழிந்தன. பழைய பட்டியலை முழுவதுமாக நீக்கிவிட்டுப் புதியதை எழுதுவதுதான் இந்தக் கருவியின் இயல்பு. அது ஜெயசுந்தரிக்கு முன்பே தெரியும். தெரிந்திருந்ததுதான் பிழை. தனக்குத் தெரிந்ததை அந்த நான்கு சொற்களுக்குள் இருப்பதாகவே அவள் படித்திருந்தாள்.

அழித்த பிறகு ஒவ்வொரு முறையும் ஏஜென்ட் பணிவாகச் சொன்னது: மாற்றியாகிவிட்டது, கவலை வேண்டாம்.

எண்ணிக்கை தவறாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு மறுபடி ஓட்டினாள். இம்முறை எட்டு.

"அரே சுந்தரி, கைக்கு இப்பிடி ஸ்கிரீன மொறைக்கிற?" பக்கத்து மேசை இருதயராஜ் டிபன் டப்பாவோடு வந்து நின்றார். இந்தக் குழுவில் அவர்தான் பழைய ஆள். ஏன் என்பதற்கு அவர் வாயில் எப்போதும் 'கைக்கு'தான். "மூணப் போட்டுட்டு வா. இன்னிக்கு வீட்ல மீன் கொழம்பு."

"அண்ணா, இது ஆளுங்களோட நாள அழிக்குது. வாரத்துக்கு மூணு தடவ ரத்தம் சுத்தம் பண்ற ஆளுங்க."

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். முகத்திலிருந்த சிரிப்பு அடங்கியது. "ஹவ், ஆமா, அழிக்குது," என்றார் தணிந்த குரலில். "கமெண்ட்ல எழுது. நம்பர் மட்டும் மூணு வை."

"கமெண்ட யாருண்ணா படிக்கிறாங்க?"

"யாரும் படிக்க மாட்டாங்க. அதுக்குத்தான் அங்க எழுதச் சொல்றேன்."

அவள் சாப்பிடப் போகவில்லை. குஷாய்குடாவில் கணவன் கலேப் பார்த்த ஒப்பந்த வேலை முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. திருமுல்கேரி வீடு இப்போது அவளுடைய சம்பளத்தில்தான் நிற்கிறது. இந்த நாற்காலி போனால் என்ன ஆகும் என்ற அச்சம் வந்தது. அந்த அச்சத்துக்கு ஒரு முகம் இருந்தது, கணவனின் முகம். மற்றோர் அச்சத்துக்கு முகமே இல்லை. கால் வீங்கிய யாரோ ஒருவர் திங்கட்கிழமை மருத்துவமனைக் கவுண்டரில் நிற்கிறார். உங்கள் பெயர் பட்டியலில் இல்லை என்கிறார்கள். முகமில்லாத அச்சத்தை எளிதாகத் தள்ளிவைத்துவிடலாம் என்றுதான் அவள் நினைத்தாள். அது போகவில்லை. கட்டத்தில் மூன்று என்று அடித்தாள், அழித்தாள், மறுபடி அடித்தாள். கடைசியில் வெறுமையாக விட்டுவிட்டுக் குழுவின் மதிப்பெண் கூட்டத்துக்குப் போனாள்.

சுவர்த்திரையில் மதிப்பெண் தாள் விரிந்திருந்தது. குழுத்தலைவர் ஸ்ரீகாந்த் கோயம்புத்தூரிலிருந்து வந்தவர்; கடிந்து பேசி யாரும் கேட்டதில்லை. அவரிடம் எல்லோரும் அஞ்சியது அந்த மென்மைக்குத்தான்.

"என்னங்க ஜெயா, உங்க கட்டம் மட்டும் காலியா இருக்குதுங்க. நாலு மணிக்கு லைவ் போவோணும். போன வாரம் போட்ட நாலையே வெச்சுக்கலாமுங்களா?"

தலையசைத்தால் போதும். அறையில் பதினோரு பேர் அந்தத் தலையசைப்புக்காகக் காத்திருந்தார்கள்.

"வேணாம் ஸ்ரீகாந்த். போன வாரம் நான் போட்டது தப்பு. ஓட்டிப் பாக்காமப் போட்டுட்டேன்."

"பரவால்லீங்க. மூணுன்னு வெச்சுக்குவோம்."

"மூணும் நக்கோ."

வேண்டாம் என்பதற்கான வீட்டுப் பேச்சு வாயில் வந்துவிட்டதை அவள் கவனிக்கவில்லை. மடிக்கணினியை இழுத்துக்கொண்டாள். விரல் முதலில் பக்கத்து விசையில் பட்டது. அதை அழித்துவிட்டு, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இரண்டு என்று அடித்தாள்.

"ரெண்டு," என்று வாய்விட்டும் சொன்னாள்.

திரையில் அந்தக் கட்டம் தானாகச் சிவந்தது. இருதயராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். மூன்றும் நான்குமாக இறங்கிய வெள்ளை வரிசையில், ஸ்ரீகாந்தின் பெயரைத் தாங்கிய பச்சைச் சுட்டி மெதுவாக நகர்ந்து வந்து அந்தச் சிவப்பின் மேல் நின்றது. வெகுநேரம் அசையாமல் நின்றது.