காலை வண்டியைச் சிறைபிடித்தோம்

முத்துநாயகம் அண்ணாச்சி பஸ்ஸுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றபோது, நான் உள்ளே ஏறி டிரைவருக்குப் பின்னால் உள்ள சீட்டில் உட்கார்ந்து, சாப்பாட்டுப் பையை மடியில் வைத்தாயிற்று. அண்ணாச்சியின் வேட்டி இதற்கென்றே இஸ்திரி போட்டது. இந்த பஸ்ஸில் அவர் ஏறி நான் கண்டதில்லை. வீட்டு முற்றத்தில் கார் நிற்கிறது, மகன்மாருக்கு ஆளுக்கொரு பைக் இருக்கிறது. எங்கள் கோணங்குளத்துக்கு பஸ் வாங்கித்தரக் கிளம்பிய ஆள் அவர்தான்.

எங்கள் ஊருக்கு நாலு நேரம் வண்டி உண்டு. உண்டு என்பது போர்டில். மத்தியான வண்டி முதலில் நின்றது, பிறகு ராத்திரி வண்டி நின்றது. கேட்டால் டிரைவர் இல்லை என்பார்கள், வண்டி ரிப்பேர் என்பார்கள், கடைசியில் இந்த ரூட்டில் வருமானம் இல்லை என்பார்கள். பெண்களுக்கு டிக்கெட் இலவசமாக்கியதிலிருந்து நாங்கள் ஏறுவது வருமானத்தில் சேராது என்று ஒரு கண்டக்டர் எனக்கு விளக்கினார். ஏறுகிறவர்களில் முக்கால்வாசி நாங்கள்தான். ஒருத்தி காலை ஒருத்தி மிதித்துக்கொண்டு நிற்கிற வண்டியில் நின்றபடி அதைக் கேட்டேன். அன்றைக்கு அவர் பல்லை உடைக்காமல் விட்டது என் அம்மா வளர்த்த வளர்ப்பு.

ராத்திரி வண்டி நின்றதில் சாகிறது நாங்கள்தான். வடசேரியில் ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி, ஓட்டல் என்று வேலைக்குப் போகிற பெண்கள் மெயின் ரோட்டில் ஆட்டோவிலிருந்து இறங்கி, வயலுக்கு நடுவே செல்போன் வெளிச்சத்தில் நடந்து வருகிறோம். அதனால் பஸ்ஸைச் சிறைபிடிப்போம் என்று ஊர்க்கூட்டத்தில் முதலில் சொன்னது நான். சாயங்கால வண்டியைப் பிடிப்போம், எவருக்கும் வேலை கெடாது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிறுத்திவைக்கலாம் என்றேன். சாயங்காலம் போட்டோ எடுக்கப் பேப்பர்காரன் வரமாட்டான் என்றார் அண்ணாச்சி. ஆம்பிளைகள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். காலை வண்டி என்று முடிவாயிற்று. அதில் போகிறவள் யார், போகாவிட்டால் என்ன ஆகும் என்று ஒருத்தர் கேட்கவில்லை.

என்ன ஆகும் என்று நான் சொல்கிறேன். கடையில் சூப்பர்வைசர் ஆனந்தகிருஷ்ணன் போன வாரம் என்னைக் கூப்பிட்டு, இனி ஒரு நாள் பிந்தினால் அப்படியே திரும்பிப் போய்விடலாம் என்று சொல்லியிருந்தார். பஸ் வரவில்லை சார் என்றேன். பஸ் உள்ள ஊரில் ஆள் இருக்கு என்றார். மயிலாடியில் கல் கொத்திக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் தூசி கட்டி, இப்போது நாலு எட்டு நடந்தால் இளைக்கிறது. வீட்டில் வேலைக்குப் போவது நான் ஒருத்திதான். ஆனாலும் அன்றைக்கு ஏறி உட்கார்ந்தேன். கால் மணி நேரம் நிறுத்தி, போட்டோ எடுத்து, விட்டுவிடுவார்கள் என்று அண்ணாச்சியின் மகன் பிபின் சத்தியம் செய்திருந்தான்.

கால் மணி நேரம் என்பது பேப்பர்காரன் வந்த பிறகு தொடங்கும் என்று எனக்குத் தெரியாது. டிரைவர் தங்கையன் இறங்கிப்போய் அண்ணாச்சியிடம் பேசிக்கொண்டிருந்தார். குழித்துறைப் பக்கத்து ஆள், வயசானவர். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. எப்போதும் அப்படித்தான். எங்கள் ஊரில் வண்டியைத் திருப்பி நிறுத்தி டீ குடிக்கப் போனாலும் எஞ்சினை அணைக்கமாட்டார்கள். எங்களைக் கண்டால் எப்போது ஓடலாம் என்று நிற்கிறார்கள் என்றுதான் நாங்கள் பேசிக்கொள்வோம். முன்னால் நிற்கிற கூட்டம் கொஞ்சம் விலகினால் இந்த மனுஷன் சாடி ஏறி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவார், ராத்திரி வண்டி என்பது கனவாகிவிடும் என்று எனக்குப் பட்டது. ஜன்னல் வழியாகக் கத்தி, வண்டியை ஆஃப் பண்ணச் சொன்னேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "ஆஃப் ஆக்காண்டாம், கேட்டியா. செல்ஃபு போச்சு. அணைச்சா பொறவு எடுக்காது."

பின்னால் வேறு வண்டி வருகிறது என்று சொல்லிவிட்டு நிற்காமல் போவார்களே, அதே குரல். எத்தனை வருஷமாகக் கேட்கிறேன். நான் எழுந்து, கம்பிக்கு மேலாகக் குனிந்து, சாவியைத் திருகிவிட்டேன்.

வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. தங்கையன் என்னை வையவில்லை. தலையில் கையை வைத்துக்கொண்டு ரோட்டோரம் குந்திவிட்டார். பிபின் அவரைப் பார்த்து, அவர் வயசுக்குச் சொல்லக்கூடாத ஒரு வார்த்தை சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

பேப்பர்காரன் வந்தான். எங்களை இறக்கி முன்னால் நிறுத்தி, கையை உயர்த்தச் சொன்னான். டெப்போவிலிருந்து யாரோ அண்ணாச்சியின் போனில் பேசினார்கள். திங்கட்கிழமை முதல் ராத்திரி வண்டி வரும், பரிசீலிக்கிறோம் என்றார்களாம். வருமா பரிசீலிக்கிறார்களா என்று கேட்டேன். "அதெல்லாம் வரும் பிள்ளே" என்று அண்ணாச்சி கைதட்டினார், எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கடை திறக்கிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

தங்கையன் ஏறி சாவியைத் திருகினார். டிக் என்றது. மறுபடி டிக்.

தள்ளினால் எடுக்கும் என்றார் கண்டக்டர். பிபினும் கூட்டாளிகளும் ஆளுக்கொரு கை வைத்து, பத்தடி தள்ளி, போன் வந்தது போல் காதில் வைத்துக்கொண்டு நழுவினார்கள். அண்ணாச்சிக்கு வேட்டி அழுக்காகும். பைக்குகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. சிறைபிடித்த வண்டியோடு நாங்கள் மட்டும் நின்றோம், பெண்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் யாரைக் கடிப்பது என்று தெரியவில்லை. அணைத்தது நான் என்பதால் என் கையையே கடிக்கலாம்.

பைகளை எல்லாம் உள்ளே போட்டுவிட்டு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டோம். எங்கள் ரோடு பலகை மாதிரி சமம், ஒரு இறக்கம் கிடையாது. என் பக்கத்தில் இசக்கி மயினி. ஓட்டலில் பாத்திரம் தேய்க்கிறவள், என்னைவிட மூப்பு.

"ஏட்டி, ஓசியில போறோம்னு ஒரு கண்டக்டர் சொன்னான்லா, அவன வந்து பாக்கச் சொல்லு," என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு.

முதல் தள்ளில் வண்டி உறுமி அணைந்தது. இரண்டாவதிலும் அப்படியே. "இன்னும் ஒரு தரம், மக்கா, ஓடி தள்ளணும்" என்று தங்கையன் உள்ளேயிருந்து கத்தினார். ஓடித் தள்ளினோம். எஞ்சின் பிடித்தது. கரும்புகை முழுக்க எங்கள் முகத்தில் அடித்தது. கண்டக்டர் கூடவே ஓடிப் பின்வாசலில் தொற்றிக்கொண்டார்.

நிறுத்துவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வண்டி நிற்கவில்லை. எங்கள் பைகளோடும் சாப்பாட்டோடும் அது காலியாகப் போனது. எதற்குப் பயந்து அணைத்தேனோ அதுவே நடந்தது, நானே தள்ளிவிட்டிருக்கிறேன். கேட்கக்கூடாத வார்த்தையைக் கேட்டவர் அவர். அவர் இடத்தில் நானாக இருந்தால் நிறுத்தியிருப்பேனா என்று தெரியாது. அதனால் கோபம் குறையவில்லை, கூடத்தான் செய்தது.

மயினி ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எனக்கு முடியாது. நீ ஓடுட்டி."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். பின்னால் இளசுகளும் ஓடி வருவது கேட்டது. வாய்க்கால் பாலத்தில் வண்டியின் பிரேக் லைட் எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. பிடிக்க ஓடுகிறேனா அடிக்க ஓடுகிறேனா என்று எனக்கே தெளிவில்லை. முத்துநாயகத்தை, பிபினை, ஆனந்தகிருஷ்ணனை, டெப்போவை, தங்கையனை, வாயில் வந்தபடி வைதுகொண்டே ஓடினேன். நிறுத்துங்கள் என்ற ஒன்றை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. பின்வாசலில் கண்டக்டர் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையை எங்களைப் பார்த்து ஆட்டினார். வா என்கிறதா, போ என்கிறதா, அந்தத் தூரத்திலிருந்து தெரியவில்லை.