ரெனிக் தவறவிட்ட பந்து

ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பூசை முடிந்து மதியச் சாப்பாடும் ஆனபின், லோவெல் ட்ரெக்ஸ்லர் வீட்டின் கீழறையில் மூன்று பேர் கூடுவது வழக்கம். வீட்டுக்காரர் லோவெல், தபால்காரராக இருந்து ஓய்வுபெற்ற பீட் ஸ்லாவிக், பள்ளிப் பேருந்து ஓட்டிய ஆர்லீன் குபியாக். மூவருமே எழுபதைத் தாண்டியவர்கள். மூவருமே மார்ல்பரி ஹெரன்ஸ் பேஸ்பால் அணியின் ரசிகர்கள். அந்த அணியைக் கலைத்து இருபத்தாறு வருஷமாகிறது. அது ஆடிய மைதானத்தில் இப்போது ஒரு மரச்சாமான் கடைக்கு வருகிறவர்களின் கார்கள் நிற்கின்றன. அதற்காக வேறு அணிக்கு மாற அவர்களுக்கு மனசு வரவில்லை.

லோவெல் ஊர் கேபிள் டிவியில் கேமராக்காரராக இருந்தவர். நிலையத்தை மூடிய அன்று பழைய கேசட்டுகளையெல்லாம் குப்பைத் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் தன் வண்டியைக் கொல்லைப்பக்கம் நிறுத்தி, இரண்டு நடையில் முந்நூற்றுச் சொச்சம் கேசட்டுகளை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். பனிக்காலம் முழுக்க அவற்றைப் போட்டுப் பார்ப்பதுதான் மூவருக்கும் வேலை. பீட் தோலோடு வறுத்த வேர்க்கடலை வாங்கிவருவார். ஆர்லீன் மாட்டிறைச்சியும் பீன்ஸும் போட்ட காரக் குழம்பு ஒரு பானை கொண்டுவருவாள்.

"பாரு, இப்ப அடிப்பான் பாரு" என்பார் பீட்.

"முப்பது வருஷமா அடிச்சுட்டுத்தான் இருக்கான். நீதான் வாராவாரம் புதுசா பாக்குற" என்பாள் ஆர்லீன்.

எதைப் பார்த்தாலும் கடைசியில் ஒரு துண்டுக் காட்சியைப் பார்க்காமல் எழுந்திருக்க மாட்டார்கள். எண்பத்தாறாம் வருஷத்து இறுதி ஆட்டம். கடைசி இன்னிங்ஸ். ஹெரன்ஸ் ஒரு ரன் முன்னால் நிற்கிறது. இன்னும் ஒரே ஒரு அவுட் எடுத்தால் கோப்பை. எதிரணிக்காரன் அடித்த பந்து நேராக வானத்துக்குப் போகிறது. முதல் பேஸில் காவல் நின்ற டேல் ரெனிக் என்ற இருபத்துமூன்று வயதுப் பையன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அதன் அடியில் போய் நிற்கிறான். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடப் பிடிக்கிற பந்து. அது அவன் கையுறையில் விழுந்து, துள்ளி, புல்லில் உருள்கிறது. அதற்குள் இரண்டு பேர் ஓடிவந்து ரன் எடுத்துவிடுகிறார்கள். ஹெரன்ஸ் அதற்குப் பிறகு எழவே இல்லை.

மைதானம் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில் ஒரு பெண் குரல் கேட்கும்.

"ஏய் ரெனிக், உனக்குக் குழந்தை பொறந்தா தயவுசெஞ்சு நீ தூக்காத!"

லோவெலின் கேமரா குரல் வந்த பக்கம் திரும்பும். நாற்பது வயது ஆர்லீன் இரண்டு கையையும் வாயோரம் குவித்து நிற்பாள். பக்கத்தில் அவள் புருஷன் ஸ்டான், அணியின் கொக்குப் படம் போட்ட தொப்பி பின்னால் சரிய, கண்ணில் நீர் வரும்வரை சிரித்துக்கொண்டிருப்பார். சுற்றியிருந்த கூட்டமெல்லாம் சிரிக்கும்.

அந்த வாக்கியம் ஊரில் பழமொழி மாதிரி ஆகிப்போனது. மளிகைக் கடையில் யாராவது முட்டையை நழுவவிட்டால் ரெனிக்கின் பேச்சு வந்துவிடும். வருஷக் கடைசியில் டிவிக்காரர்கள் அதை வேடிக்கைக் காட்சியாகப் போட்டார்கள். ஆர்லீனுக்கு அதில் கொஞ்சம் பெருமைதான். ஆனால் அவள் அந்தக் காட்சியைப் பார்ப்பது தன் குரலைக் கேட்பதற்காக அல்ல. ஸ்டான் போய் நாலு வருஷமாகிறது. வீட்டில் அவர் போட்டோக்கள் இருக்கின்றன; எல்லாவற்றிலும் விறைத்துக்கொண்டு நிற்பார். அவர் அசைவதும் சிரிப்பதும் உலகத்தில் அந்த ஒரு கேசட்டில்தான் இருந்தது. ஆறு வினாடி.

பிப்ரவரி முதல் ஞாயிறு லோவெல் கேசட் எதையும் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

"புதன்கிழமை ஒரு பொண்ணு போன் பண்ணினா. காரா ரெனிக்காம். டேலோட மக" என்றார்.

"எந்த டேல்?" என்று கேட்ட பீட்டின் கை வேர்க்கடலையோடு நின்றுவிட்டது.

"அவனேதான். நவம்பர்ல இறந்துட்டானாம். நுரையீரல்ல ஏதோ. நான் கம்ப்யூட்டர்ல கேசட் பட்டியல் போட்டு வச்சிருந்தேன்ல, அதைப் பாத்திருக்கா. அப்பா ஆடி ஒரு தடவைகூடப் பாத்ததில்லையாம். வீட்டுல ஒரு படம்கூட இல்லை, எல்லாத்தையும் அவரே தூக்கிப் போட்டுட்டாரு, உங்ககிட்ட ஏதாவது இருந்தா வந்து பாக்கலாமான்னு கேட்டா."

"என்ன சொன்ன?"

"வான்னுட்டேன். வர்ற ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு."

பீட் கையிலிருந்த கடலையைக் கீழே வைத்தார். பிறகு, "நம்மகிட்ட அவன் இருக்கறது அந்த ஒண்ணுல மட்டும்தானப்பா" என்றார்.

ஆர்லீன் குழம்புப் பானையை மூடினாள். "ஒண்ணு மட்டும்னு யார் சொன்னது? நாம தேடினதே இல்லையே" என்றாள்.

மறுநாள் காலையிலேயே அவள் வந்துவிட்டாள். இரண்டு வாரம் தினமும் வந்தாள். ரெனிக் அணியில் இருந்ததே எண்பத்தாறின் கடைசி ஆறு வாரம்தான். அந்த வருஷத்துக் கேசட்டுகளில் பாதியின்மேல் பிற்பாடு நகரசபைக் கூட்டங்களைப் பதிவு செய்திருந்தார்கள். அவள் விரலால் ரிமோட்டை அழுத்தி அழுத்தி ஓட்டினாள். ரெனிக் முதல் பேஸில் நின்று சூயிங்கம் மெல்லுவது. ரெனிக் மூன்று பந்தையும் கோட்டைவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு திரும்புவது. ஒரு தடவை நன்றாக அடித்திருந்தான். ஆனால் கேமரா பந்தின் பின்னாலேயே போய்விட்டதால் அவன் முதுகுகூடத் தெரியவில்லை.

"அந்தப் பையன் மேல கொஞ்ச நேரம் வச்சிருக்கக் கூடாதா?" என்று லோவெலைக் கடிந்துகொண்டாள்.

"பந்து எங்கயோ அங்க கேமரா. அதுதான் என் வேலை" என்றார் லோவெல். பிறகு, "அன்னிக்கு மட்டும் உன் பக்கம் திருப்பிட்டேன்" என்றார்.

கடைசியில் 'பள்ளி ஊர்வலம்' என்று சீட்டு ஒட்டியிருந்த கேசட்டில் ஒரு மழை நாள் கிடைத்தது. ஆட்டம் நின்றுபோய், தரைமேல் விரித்த தார்ப்பாயில் ஆட்டக்காரர்கள் நனைந்துகொண்டு வழுக்கி விளையாடுகிறார்கள். அதில் ஒருவன் வயிற்றால் சறுக்கி, எழுந்து, கேமராவைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். ரெனிக். பதினோரு வினாடி. அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது ஆர்லீனுக்கு நெஞ்சு லேசாக இருந்தது. இதைக் காட்டி அனுப்பிவிடலாம், மற்றது வேண்டாம் என்று நினைத்துக்கொண்டாள்.

காரா சொன்ன நேரத்துக்கு வந்தாள். முப்பத்திரண்டு வயசு. நல்ல உயரம், அப்பாவைப் போலவே அகலத் தோள். கையில் ஒரு டப்பா டோனட். நனைந்த பூட்சைக் கழற்றிவிட்டு, சாக்ஸ் காலோடு படியிறங்கி வந்து, எல்லோரிடமும் பேர் கேட்டுக் கை கொடுத்தாள். ஆர்லீன் கையைக் கொடுக்கும்போது தன் பேரை மெதுவாகச் சொன்னாள்.

லோவெல் எல்லாவற்றையும் ஒரே கேசட்டில் வரிசையாகச் சேர்த்து வைத்திருந்தார். காரா நாற்காலியைத் தள்ளிவிட்டு டிவிக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள். அப்பா மெல்லுவதைப் பார்த்து, "சாகறவரைக்கும் இப்படித்தான் இடது பக்கமாவே மெல்லுவாரு" என்றாள். மழைக் காட்சி வந்ததும் டிவிக்கு இன்னும் பக்கத்தில் நகர்ந்தாள். மறுபடி போடச் சொன்னாள். மறுபடியும் போடச் சொன்னாள்.

"இவரை எனக்குத் தெரியாது" என்றாள். "இப்படி ஒரு மனுஷன் எங்க வீட்டுல இருந்ததில்லை."

பீட் மூக்கைச் சிந்திக்கொண்டு டோனட்டை எடுத்தார்.

காரா முகத்தைத் துடைத்துக்கொண்டு லோவெலிடம் திரும்பினாள். "உங்க பட்டியல்ல இறுதி ஆட்டம்னு ஒண்ணு இருந்துச்சே. ஒரு ஆட்டத்தை நான்தான் தோத்துக் குடுத்தேன்னு அப்பா ஒரே ஒரு தடவை சொல்லியிருக்காரு. அதுதானா அது?"

"அந்தக் கேசட் கெட்டுப்போச்சும்மா. மெஷின்ல சிக்கிடுச்சு" என்றார் லோவெல். பொய் சொல்லிப் பழகாத மனிதர், காது சிவந்துவிட்டது.

"பரவாயில்லை" என்றாள் காரா.

அதோடு முடிந்திருக்கும். ஆர்லீன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் காரா சந்தோஷமாகவே போயிருப்பாள். ஆனால் தன்னிடம் சிரித்துக் கை கொடுத்த பெண்ணின் முதுகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஆர்லீனுக்கு முடியாமல் போனது.

"கேசட் கெடலை லோவெல். போடு" என்றாள். "சத்தத்தோட போடு. காரா, அதுல ஒரு பொம்பளை கத்துவா. அது நான்தான். முன்னாடியே சொல்லிடறேன்."

"ஆர்லீன், எதுக்கு இப்ப..." என்றார் பீட்.

"போடு."

லோவெல் போட்டார். பந்து மேலே போனது. கீழே வந்தது. புல்லில் உருண்டது. குரல் கேட்டது. கூட்டம் சிரித்தது. ஸ்டான் சிரித்தார். லோவெல் அதற்கு மேல் ஓடவிடாமல் நிறுத்திவிட்டார்.

காரா தரையைப் பார்த்துக்கொண்டே நிதானமாகப் பேசினாள்.

"நான் அந்த வருஷம் நவம்பர்ல பொறந்தேன். இந்த ஆட்டம் நடந்தப்ப அம்மாவுக்கு ஏழு மாசம். அன்னிக்கு அம்மாவும் அங்கதான் உக்காந்திருந்தாங்க." சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அப்பா என்னை நின்னுக்கிட்டுத் தூக்கினதே இல்லையாம். தரையில சம்மணம் போட்டு உக்காந்து, சுத்தி தலையணை அடுக்கிட்டு, அப்புறம்தான் குடுன்னு சொல்வாராம். என் ரெண்டு வயசு வரைக்கும். என் தம்பிக்கும் அப்படியேதான். அம்மா அதைச் சிரிச்சுக்கிட்டேதான் சொல்வாங்க, அவருக்குப் பயம்னு. ஏன் பயம்னு சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை."

ஆர்லீன் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். "உங்கம்மா அங்க இருந்தது எனக்குத் தெரியாதும்மா. அவனுக்குக் கல்யாணம் ஆனதே எனக்குத் தெரியாது. வாய்க்கு வந்ததைக் கத்தினேன்."

"தெரிஞ்சிருக்காது" என்றாள் காரா.

"கேமராவைத் திருப்பினது நான்" என்றார் லோவெல் யாரும் கேட்காமலே.

காரா அவரைப் பார்க்கவில்லை. "பக்கத்துல சிரிக்கறாரே, அவர் யாரு?" என்று கேட்டாள்.

"என் வீட்டுக்காரர். இப்ப இல்லை. நாலு வருஷமாச்சு."

"அவர் இருக்கற வேற கேசட் இருக்கா?"

"இல்லை. இது ஒண்ணுதான்."

காரா தலையை ஆட்டினாள். அதை எப்படி எடுத்துக்கொள்வதென்று ஆர்லீனுக்குத் தெரியவில்லை. பிறகு காரா எழுந்து, தனக்காக எல்லாவற்றையும் ஒரு டிவிடியில் பதிவு செய்து தரமுடியுமா என்று லோவெலிடம் கேட்டாள். அந்த இறுதி ஆட்டத்தையும் சேர்க்கச் சொன்னாள். "அப்பா பந்துக்குக் கீழ போய் நிக்கற வரைக்கும். அதோட வெட்டிடுங்க. ஓடி வர்றப்ப அவர் முகம் அதுலதான் நல்லாத் தெரியுது."

ஆர்லீன் கோட்டை மாட்டிக்கொண்டு அவள் கார் வரைக்கும் கூடவே போனாள். நடைபாதையில் பனி உறைந்து வழுக்கியது. காராவே அவள் முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். காருக்குப் பக்கத்தில் நின்று ஆர்லீன் சொன்னாள்: "என்னை மன்னிச்சிடும்மா. மனசார சொல்றேன்."

காரா கண்ணாடிமேல் படிந்த பனியைக் கையுறையால் தள்ளிக்கொண்டே பேசினாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை என்று ஆர்லீன் பின்னால் பலமுறை நினைத்துக்கொண்டாள்.

"நான் மன்னிச்சு என்ன ஆகப்போகுது? என்னை நீங்க ஒண்ணும் சொல்லலையே. அவர்கிட்ட சொல்லியிருக்கணும். இங்கேருந்து மூணு மணி நேரம்தான், ஃபோர்ட் வெய்ன்ல இருந்தாரு. முப்பது வருஷமா ஒரே வீடு. டெலிபோன் புத்தகத்துல பேர் இருந்துச்சு."

முப்பது வருஷத்தில் அந்தப் பையன் எங்கே இருக்கிறான், என்ன ஆனான் என்று ஆர்லீன் ஒருநாளும் யோசித்ததில்லை. அவளைப் பொறுத்தவரை அவன் அந்தக் கேசட்டுக்குள்ளேயே, அந்தப் புல்லிலேயே நின்றுகொண்டிருந்தான்.

"உள்ள போங்க, குளிருது" என்று சொல்லிவிட்டு காரா காரைக் கிளப்பினாள்.

அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் ஆர்லீன் வரவில்லை. மூன்றாவது ஞாயிறு பீட் அவள் வீட்டுக்கே போய், "தாயே, உன் குழம்பு இல்லாம நாங்க ரெண்டு பேரும் வெறும் கடலையைக் கொறிச்சுக்கிட்டுக் கிடக்கோம்" என்று கூப்பிட்டு அழைத்துவந்தார். மறுபடி மூவரும் பழைய ஆட்டங்களைப் பார்த்தார்கள். எண்பத்தொன்றில் மூன்று பேரை ஒரே வீச்சில் அவுட் ஆக்கியது, மூடுபனியில் ஆடிய ஆட்டம், நாய் மைதானத்துக்குள் ஓடிவந்தது. இறுதி ஆட்டத்தை யாரும் எடுக்கவில்லை.

மார்ச் கடைசியில் ஒருநாள் லோவெல் தயங்கித் தயங்கி ஒரு சேதி சொன்னார். அவர் ஸ்டான் சிரிப்பதை மட்டும், அந்த ஆறு வினாடியை, தனியாக வெட்டி எடுத்திருந்தார். சத்தத்தையும் எடுத்துவிட்டார். "உனக்குன்னு செஞ்சது. யாருக்கும் தெரியவேண்டாம். பாக்கறியா?"

ஆர்லீன் அவர் நீட்டிய கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போய்ப் போட்டும் பார்த்தாள். ஸ்டான் சிரித்தார், தோள் குலுங்க, தொப்பி சரிய. சத்தமில்லாவிட்டாலும் அவர் எதைக் கேட்டுச் சிரிக்கிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது. பாதியிலேயே நிறுத்தி வெளியே எடுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் அதைப் போடவில்லை. தூக்கி எறியவும் முடியவில்லை. ஸ்டானின் சட்டைகள் இருக்கிற அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு உரிக்கப் போனாள்.